எடுத்த பணி முடித்தல்

பணிகளைத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். இஃது எல்லாரும் அறிந்த உண்மையே. ஆயினும், இவ்வாறு நேர்வது எதனால் என்று ஆராய்வார் அரியர். மாணவர் விடுதியில் எவ்வறையிற் புகுந்து நோக்கினும், முதற் பத்துப் பக்கங்கள் மட்டும் எழுதப்பெற்ற குறிப்புப் புத்தகம் ஒன்றேனும், நான்காம் பாடத்தோடு நின்றுபோன பிறமொழிப் பயிற்சி நூல் ஒன்றேனும், உறையினின்று வெளிவந்து பன்னாளான புல்லாங்குழல் ஒன்றேனும் காணப்படும். தேர்வுக்குரிய பாடங்களை யாரும் இவ்வாறு விட்டுவிடுவதில்லை. அவற்றிற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கின்றது. முடித்தாயோ என்று கேட்பாரும் உளர். நாமே விரும்பி மேற்கொண்ட பணிகளே நடுவழியில் நின்றுவிடுகின்றன. விரும்பாததை முடித்து விரும்பியதைக் கைவிடும் இவ்விந்தைக்குக் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

பிறர்க்கு அறிவுரை கூறும் தகுதி எமக்கு உண்டென்று கருதி இதனை எழுதினோமல்லேம். எம் குறையை முதலிற் கூறிவிடுதலே முறையாகும். எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில் நாற்பது ஆண்டு பனையேறியவர். பாளை அரிவாள், இடுக்கி, தளைநார், முருக்குத்தடி, கலயம், சில்லாட்டை, விடிலி என்று அவர் வாயில் இயல்பாக வரும் சொற்களைக் கேட்டு, பனைத்தொழிற் சொற்களையெல்லாம் திரட்டி ஒரு சிறு தொகுதியாக்க வேண்டும் என்னும் அவா எமக்கு எழுந்தது. ஒரு கோடை விடுமுறைக்குள் இருநூறு சொற்களை எழுதி முடித்துவிடலாம் என்று கணக்கிட்டோம். நாள்தோறும் மாலையில் அவரே, "நோட்டைக் கொண்டு வந்தியா, லே? நேத்து எதுல நிறுத்தினோம்?" என்று கேட்பார். விடுமுறை முடிந்தபொழுது நூற்றுப்பதினெட்டுச் சொற்கள் அமைந்தன. பதநீர் கருப்பட்டியாகும் வரை அடுப்பில் அடையும் பதங்கள் ஒவ்வொன்றிற்கும் பெயர் உண்டு என்றும், அவற்றை அடுத்த முறை சொல்வதாகவும் கூறினார். "காய்ச்சும் பதங்கள்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவைத்தோம். கல்லூரிக்குத் திரும்பிய பின்னர் எம்மைக் கேட்பார் ஒருவரும் இலர். இரண்டு சிறு விடுமுறைகள் வந்து போயின. புத்தகத்தைக் கொண்டுசெல்ல மறந்தோம். அவ்வாண்டு தை மாதத்திற் பாட்டனார் இறைவனடி சேர்ந்தார். அப்பக்கம் இன்றும் வெறும் பக்கமாகவே இருக்கின்றது. தொடங்கிய பணியை முடியாமல் விடுதல் சிறு குற்றம் என்று எண்ணியிருந்த எமக்கு, அஃது எத்துணைப் பெரிய இழப்பாகக்கூடும் என்பது அன்றே விளங்கிற்று.

இனி, பணிகள் நிற்பதற்குரிய காரணங்களை நோக்குவோம். அவற்றுள் முதலாவது காலத்தைத் தவறாக மதித்தல். கோபுரம் கட்ட விரும்புவோன் முன்னரே உட்கார்ந்து செல்லுஞ் செலவைக் கணக்கிட வேண்டாவோ என்று நம் ஆண்டவர் வினவிய உவமையை லூக்கா சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். பொருட்செலவைக் கணக்கிடுவோரும் காலச்செலவைக் கணக்கிடுவதில் தவறிவிடுகின்றனர். கனடா நாட்டின் ஆராய்ச்சியாளராகிய பியூலர், கிரிஃபின், ராஸ் என்னும் மூவர் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதனை நன்கு விளக்கும். ஆனர்ஸ் வகுப்பு மாணவர்களை நோக்கி, உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று அவர்கள் வினவினர். மாணவர் கூறிய விடை சராசரியாக ஏறத்தாழ 34 நாள். எல்லா இடையூறுகளும் ஒருங்கே வந்துற்றால் எத்தனை நாளாகும் என்றதற்கு 49 நாள் அளவிற் கூறினர். உண்மையிற் சென்றனவோ 55 நாளுக்கும் மேல். தாம் அஞ்சிய அளவினும் மிகுதியாகவே அவர்களுக்குக் காலம் சென்றது என்பது கருதத்தக்கது. இத்தகைய மதிப்பீட்டால் விளையும் தீங்கு யாதெனின், குறித்த நாள் கடந்தவுடன் நம்மால் இஃது இயலாது என்று மனம் சோர்ந்துவிடுகின்றது. பிழை கணக்கிலிருக்க, பழியைத் தம் ஆற்றலின்மேல் ஏற்றிப் பலர் பணியைக் கைவிடுகின்றனர்.

இரண்டாவது காரணம் கேட்பாரின்மை. மூன்றாவது, புதுமையின் சுவை குறைதல். எப்பணியிலும் தொடக்கம் இனிது, முடிவும் இனிது, நடுவிடமே வறண்டது. நான்காவது, குறையே இல்லாமற் செய்துவிட வேண்டும் என்னும் பேராசை. முதல் மூன்றும் மடியின் குற்றம் எனின், நான்காவது மடி அணிந்துகொள்ளும் நல்லாடை என்க. இன்னும் சிறிது திருத்திய பின்னர் வெளியிடுவோம் என்று கூறிக்கொண்டே வாழ்நாளைக் கழித்தோர் பலர்.

இவற்றை நீக்கும் வழி யாது? மன உறுதி வேண்டும் என்பர் பலர். உறுதி வேண்டுவதே, ஆயினும் அது மட்டும் போதாது. திருவள்ளுவனார் வினைத்திட்பம் என 67-ஆம் அதிகாரத்தை அமைத்து, அதனோடு நில்லாமல் வினைசெயல்வகை என 68-ஆம் அதிகாரத்தையும் அடுத்து வைத்தார். உள்ளத்தின் திண்மை வேறு, செய்யும் முறை வேறு என்பது இதனாற் பெறப்படும். நாம் பெரும்பாலும் முன்னதைப் போற்றிப் பின்னதை மறந்துவிடுகின்றோம்.

செய்யும் முறைகளுள் முதலாவது, பணியைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் நேரமும் இடமும் குறித்தல். ஆங்கில நாவலாசிரியராகிய அந்தோணி திரோலப் (1815–1882) நாற்பத்தேழு நாவல்களை இயற்றினார்; அவற்றுட் பலவற்றைத் தபால் இலாகாவில் அலுவல் பார்த்துக்கொண்டே எழுதினார். விடியற்காலம் ஐந்தரை மணிக்கு எழுத்து மேசையில் அமர்வார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்திற்கு 250 சொற்கள் என்று அளவிட்டு எழுதுவார். நாட்குறிப்பொன்றை வாரங்களாகப் பிரித்து, அன்றன்று எழுதிய பக்கங்களின் தொகையை அதிற் குறிப்பார். சோம்பிய நாளில் அவ்விடம் வெறுமையாக நின்று அவரை உறுத்தும். தம்மை எழுப்புவதற்கென்றே வயது முதிர்ந்த பணியாள் ஒருவருக்கு ஆண்டிற்கு ஐந்து பவுன் மிகுதியாகக் கொடுத்துவந்தார் என்றும், தாம் பெற்ற வெற்றிக்கு வேறெவரினும் அவருக்கே பெரிதும் கடமைப்பட்டதாகக் கருதினார் என்றும் அவர்தம் வரலாற்றிலிருந்து அறிகின்றோம். இத்துணைப் பேராற்றல் உடையவரும் தம் மன உறுதியை மட்டும் நம்பினாரில்லை. எழுப்புவதற்கு ஓர் ஆளை அமர்த்தினார்.

நேரமும் இடமும் குறித்தலின் பயனை ஜெர்மானிய உளநூல் அறிஞர் கோல்விட்சர் ஆராய்ந்து காட்டியுள்ளார். மாணவர்கள் கிறிஸ்து பிறப்பின் முன்னிரவைத் தாங்கள் கழித்தவாற்றை அடுத்த இரண்டு நாட்களுக்குள் எழுதி அனுப்புமாறு பணிக்கப்பட்டனர். ஒரு பகுதியார் மட்டும் எப்பொழுது, எவ்விடத்திலிருந்து எழுதுவோம் என்பதை முன்னரே குறித்துக்கொண்டனர். அங்ஙனம் குறித்தோருள் நான்கில் மூன்று பங்கினர் அளவில் எழுதி அனுப்பினர். குறியாதோருள் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினர். இருசாராரும் ஒரே பணியையே மேற்கொண்டனர். 'எழுதுவேன்' என்பதற்கும், 'நாளைக் காலை உணவிற்குப் பின்னர் மாடியறை மேசையில் எழுதுவேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடே இத்துணைப் பயனைத் தந்தது.

இரண்டாவது முறை, பணியைப்பற்றிக் கேட்கும் ஒருவரைத் தேடிக்கொள்ளுதல். தமிழ்த் தாத்தா என்று போற்றப்பெறும் உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். ஐயர் தாம் கற்ற நூல்களை அடுக்கிக் கூற, முதலியார் அவற்றிற்கு வியவாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று வினவினார். அந்த ஒரு கேள்வியே ஐயரின் வாழ்க்கையை மாற்றியது. முதலியார் கேட்டதோடு அமையாமல், அந்நூலைத் தமக்குப் பாடஞ் சொல்ல வேண்டும் என்றும் விரும்பினார். பாடஞ் சொல்ல வேண்டியிருந்தமையால், விளங்காத இடங்களை ஐயர் விட்டுவிட இயலவில்லை. சைன நண்பர்களின் வீடுகளுக்குச் சென்று ஐயம் தீர்ந்தார். ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். பின்னர், நூலைப் பெற்றுக்கொள்வதாக அன்பர் பலரிடம் கையொப்பம் வாங்கி அச்சிடத் தொடங்கினார். கையொப்பமிட்ட ஒவ்வொருவரும் நூல் எங்கே என்று கேட்கும் உரிமையுடையவராயினர் அல்லரோ? 1887-ஆம் ஆண்டிற் சிந்தாமணி வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன.

எம் நாட்டுச் சாயர்புரத்தில் ஊழியம் புரிந்த ஜி. யூ. போப்பையர் வரலாறும் இதனையே வலியுறுத்தும். அவர் முதுமையில் ஆக்சுபோர்டில் இருந்தபொழுது, திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிடுதல்பற்றித் தம் நண்பர் ஜோவெட் என்னும் பேராசிரியரோடு உரையாடினார். தமக்கு வயது மிகுந்துவிட்டது, இப்பணியோ நெடுங்காலம் செல்லும் என்று போப்பையர் தயங்கினார். பெரும்பணி ஒன்றைக் கையிற் கொண்டிருத்தலே நீண்டநாள் வாழ்தற்கு வழி என்றும், முடிக்கும் வரை உயிரோடிருப்பீர் என்றும் பொருள்பட நண்பர் ஊக்கினார். ஜோவெட் 1893-இற் காலமானார். ஆயினும் அவர் சொல் போப்பையரை விடவில்லை. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள், தம் எண்பதாம் பிறந்தநாளில், முடிந்த நூலுக்கு முன்னுரை எழுதிக் கையெழுத்திட்டார். கேட்பவர் மறைந்த பின்னும் கேள்வி நிலைத்து நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இவ்விடத்தில் ஒரு தடையை விடுத்தல் வேண்டும். அங்ஙனமாயின் எண்ணத்தை எல்லார்க்கும் பறைசாற்றினால் நலமன்றோ எனின், அன்று என்க. கோல்விட்சரும் அவர் குழுவினரும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இன்னார் ஆகவேண்டும் என்னும் குறிக்கோளோடு ஒன்றைச் செய்யக் கருதி, அக்கருத்தைப் பிறர் அறியச் செய்தவர்கள் பின்னர் அதன்கண் முயன்றது குறைவாகவே இருந்தது என்று கண்டனர். நான் நூல் எழுதப்போகின்றேன் என்றவுடன் கேட்டோர் வியக்கின்றனர். எழுதி முடித்தார்க்குரிய இன்பத்தில் ஒரு பகுதி முன்னரே கிடைத்துவிடுகின்றது. பசி ஆறியவன் சமைப்பானோ? ஆதலின் பலர்க்கு எண்ணத்தை உரைத்தல் வேறு. ஒருவர்க்குச் செய்த பணியைக் காட்டுதல் வேறு. முன்னது புகழ்ச்சியைத் தேடுவது. பின்னது கணக்கு ஒப்புவிப்பது. அவ்வொருவர் நம்மை எப்பொழுதும் புகழ்பவராயிருத்தலும் ஆகாது; எப்பொழுதும் இகழ்பவராயிருத்தலும் ஆகாது. தவறாமற் கேட்பவராயிருத்தலே வேண்டுவது.

மூன்றாவது முறை, குறையோடேனும் முடித்தல். சிந்தாமணியின் முதற் பதிப்பைத் திருத்தங்கள் எல்லாம் முற்றுப்பெறும் வரை ஐயர் வெளியிடாமலிருந்திருப்பின், தமிழுலகம் எத்தனை ஆண்டு அதனை இழந்திருக்கும்! வெளியிட்ட பின்னரும் ஆராய்ந்துகொண்டே இருந்து, 1907-ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பைத் திருத்தங்களோடு கொணர்ந்தார். முடித்தவனுக்கே திருத்தும் பேறு உண்டு. முடியாத பணியிற் பிழைகள் புலப்படுவதுகூட இல்லை.

நான்காவது, நாம் முடியாது போயினும் பிறர் முடிக்கத்தக்கவாறு செய்துவருதல். யாழ்ப்பாணத்தில் நைட்டுப் பாதிரியார் பெரியதோர் அகராதிக்குச் சொற்களைத் திரட்டினார். பணி முடியுமுன் காலமானார். அவர் தொகுத்தவை சிதறிப்போகாமையால் ஸ்பால்டிங் முதலிய பாதிரிமார் அவற்றைக்கொண்டு 1842-இல் ஓர் அகராதியை வெளியிட்டனர். பின்னர் வின்சுலோ பாதிரியார் சென்னையிற் பல்லாண்டு உழைத்து, அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களையுடைய தமிழ்-ஆங்கிலப் பேரகராதியை 1862-இல் நிறைவேற்றினார். இரண்டாண்டு கழித்து, தாய்நாடு திரும்பும் வழியில் அவரும் உயிர் துறந்தார். சாமிநாதையரும் தம் வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்து, 1942-இல் மறைந்தமையால் முடியாது விட்டார். வாரந்தோறும் எழுதியவை வாரந்தோறும் அச்சேறினமையின், எழுதிய அளவும் நமக்கு வாய்த்தது. எல்லாவற்றையும் முடித்த பின்னரே வெளியிடுவேன் என்றிருந்தாராயின் யாது கிடைத்திருக்கும்? முடிவு நம் கையில் இல்லை. ஒழுங்காகச் செய்துவருதல் நம் கையில் இருக்கின்றது.

இவையெல்லாம் கூறியபின் ஒன்று சொல்லாது விடலாகாது. தொடங்கியன யாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்பது எம் கருத்தன்று. பிறரைக் கண்டு பொறாமையால் தொடங்கியனவும், தொடங்கிய பின்னர்ப் பயனற்றவை என்று தெளிந்தனவும் உள. அவற்றை இன்ன காரணத்தால் விடுகின்றோம் என்று ஆராய்ந்து விடுதல் அறிவுடைமையே. மறதியால் விடுதலே இழுக்கு. முன்னதில் ஒரு முடிவு இருக்கின்றது. பின்னதில் முடிவே இல்லை. விட்டதாக ஒப்புக்கொள்ளாத பணிகள் பல ஒருங்கு சேர்ந்து, செய்யும் பணியின்மேலும் பாரமாக ஏறுகின்றன.

எம் குறிப்புப் புத்தகத்திற்கு மீள்வோம். பாட்டனார் மறைந்த பின் அதனைத் திறக்கவும் கூசியிருந்தோம். இவ்வாண்டில்தான் மேற்கூறிய முறைகளின்படி மீண்டும் தொடங்கினோம். இருநூறு சொற்கள் என்று முடிவெல்லையை வரையறுத்தோம். வாரத்திற்கு ஐந்தே சொற்கள் என்று அளவிட்டோம். சனிக்கிழமை மாலை ஜெபம் முடிந்தவுடன் அடுத்த அறையிலுள்ள கணித மாணவர் ஒருவரிடம் எழுதிய பக்கத்தைக் காட்டுகின்றோம். அவருக்குப் பனையைப்பற்றி ஒன்றும் தெரியாது, "இந்த வாரம் எத்தனை?" என்று மட்டும் கேட்பார். அது போதியதாயிருக்கின்றது. விடுமுறை நாட்களில், எம் ஊரில் இன்னும் பனையேறும் முதியவர் ஒருவரை அணுகிக் கேட்கின்றோம். பனையேறுவோர் தொகை நாளுக்கு நாள் குறைந்துவருதலின், இதற்கும் காலம் நெடிதன்று. காய்ச்சும் பதங்களுக்கு அவர் சில பெயர்கள் கூறினார். அவற்றை வேறு பக்கத்தில் எழுதினோம். பாட்டனார் சொல்லவிருந்த சொற்கள் இவைதாமோ, வேறோ, அறியோம். அவருக்கென்று விட்ட பக்கம் அவ்வாறே இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம்.

பாட்டனார் காலத்தில் அமைந்தன நூற்றுப்பதினெட்டு. கடந்த ஒன்பது வாரங்களிற் சேர்ந்தன நாற்பத்தைந்து. இன்று வரை அமைந்தன நூற்றறுபத்துமூன்று. எஞ்சியன முப்பத்தேழு. செய்யப்போவதைப் பறைசாற்றுதல் ஆகாது என்று மேலே கூறினோமாதலின், இங்குச் செய்ததையே கணக்காகக் காட்டினோம். இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் எம்மை எங்கேனும் காணின், கட்டுரை எவ்வாறிருந்தது என்று கூறுதலினும், எத்தனை சொல் ஆயிற்று என்று கேட்பாராயின் பெரிதும் நன்றியுடையேமாவோம். தம் அறையிலும் அவ்வாறு நடுவில் நின்ற புத்தகம் ஒன்று உண்டெனின், அதனைக் கேட்பார் ஒருவரை இன்றே தேடிக்கொள்வார்களாக. தொடங்கும் உள்ளத்தை அளித்த இறைவன், முடிக்கும் பொறுமையையும் நம் அனைவர்க்கும் அருள்வானாக.